சாந்தி வீட்டு லைனும் மைனஸ் 26-ம்

போன மாதம் என் ஆபீஸ் இருக்கிற தெருவில் ஒரு சாந்தி. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன், நகரத்தார் வீடுகளில் அறுபதாம் கல்யாணத்துக்கு அதுதான் பெயர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடு அது. வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும், காவல்காரரும் புறாக்களும்தான் குடியிருப்பார்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கார்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டன. வர முடியாத பங்காளிகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து பார்ப்பதற்கு லைவ் வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தாலி கட்டுற நேரத்துல படம் சுத்திக்கிட்டு நிக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேக்குறது" என்று முடித்துக்கொண்டார்.

நான் இந்தப் பக்கம் இருபது வருடமாகக் கேபிள், இப்போது எட்டு வருடமாக ஃபைபர் இணையம். காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் நடுவில் சில ஊர்கள், சில நூறு வீடுகள். பெரிய ஆள் இல்லை, ஓஎல்டி பெட்டி ஒன்று (எல்லா வீட்டு ஃபைபரும் ஆபீஸில் வந்து சேர்கிற பெட்டி), பையன்கள் இரண்டு பேர், ஏணி மூன்று.

சாந்தி வீடு என் ஆபீஸிலிருந்து நான்காவது வீடு. சாதாரணமாக ஒரு வீட்டுக்கு வெளிச்சம் இரண்டு ஸ்ப்ளிட்டரைத் தாண்டிப் போகும், முதலில் எட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஊருக்குள் மறுபடி எட்டாகப் பிரியும். எட்டாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு தடவையும் பத்தரை டிபி (வெளிச்சத்தின் இழப்பை அளக்கிற அலகு) போய்விடும். இந்த வீட்டுக்கு ஸ்பெஷலாக இருக்கட்டும் என்று முதல் ஸ்ப்ளிட்டரிலேயே சும்மா கிடந்த ஒரு கிளையிலிருந்து நேராக இழுத்துக் கொடுக்கச் சொன்னேன். சொன்னது நான்தான், பையன் மேல் பழி போட வழியில்லை. அவன் முகப்பில் நின்று பவர் மீட்டரைக் காட்டி, "அண்ணே, மைனஸ் எட்டு! செம பவர்" என்றான். எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி, மீட்டரில் நம்பர் சின்னதாக இருந்தால் வேலை சுத்தம் என்று நினைப்போம்.

வீட்டில் வைக்கிற பெட்டிக்குக் கேட்கிற காது மைனஸ் 8 வரைக்கும்தான் தாங்கும், அதற்கு மேல் அடைத்துக்கொள்ளும் என்பது ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கிற ஃபைபர் முறை) படித்த எவனுக்கும் தெரியும். நாங்கள் போடும் பி ப்ளஸ் வகையில் வீட்டுப் பெட்டி மைனஸ் 27-லிருந்து மைனஸ் 8 வரை கேட்கும், ஓஎல்டி மைனஸ் 28-லிருந்து மைனஸ் 8 வரை. விளிம்பில் நிற்கிறோம் என்று தெரிந்தும் விட்டேன். லைவ் ஓடியது. ஒரு சொட்டு நிற்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு போன். ஒன்பது கிலோமீட்டர் கேபிள் தள்ளி கடைசி ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிற அக்கா. "தம்பி, பச்சை லைட்டெல்லாம் எரியுது, யூடியூப் கூட ஓடுது, சர்டிபிகேட் மட்டும் அப்லோட் ஆக மாட்டேங்குது. வெளிய பதினஞ்சு பேர் நிக்கிறாங்க" என்றார். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர்கள் வெயிலில் நிற்கும்போது அந்த அக்கா பேசுகிற தமிழை இங்கே முழுசாக எழுத முடியாது.

போய்ப் பார்த்தால் பெட்டியில் மைனஸ் 23. நல்ல பவர். பேட்ச் கார்டை மாற்றினோம், பெட்டியையே மாற்றினோம், இறக்கம் (டவுன்லோட்) பறக்கிறது, ஏற்றம் (அப்லோட்) மட்டும் விக்கல் எடுத்த மாதிரி. சரி என்று பத்து நிமிடம் உட்கார்ந்தால் தானாகச் சரியாகிவிட்டது. ஆபீஸுக்குத் திரும்பி வந்தால் பக்கத்து ஊரில் ஒரு டியூஷன் வாத்தியார் அதே கதை சொல்கிறார். மதியம் மூன்றாவது ஒருவர். ஒரே இடத்தில் நிற்காமல் ஊர் ஊராக நடக்கிற கோளாறு. பையன் சீரியஸாகவே, "அண்ணே, புது லைன் போட்டப்ப நேரம் பாத்தோமா?" என்று கேட்டான்.

நேரம் பார்க்கவில்லை. ஓஎல்டி பக்கம் வந்து சேர்கிற பவரையும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம்தான் உட்கார்ந்து ஓஎல்டி-யில் அந்த இழை மாட்டியிருக்கிற போர்ட்டில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓஎல்டி-க்கு என்ன வருகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். பெரும்பாலும் மைனஸ் 20-லிருந்து 24-க்குள். இ-சேவை அக்கா மைனஸ் 26. சாந்தி வீடு மைனஸ் 9.

இந்த டிபிஎம் கணக்கு புரியாதவர்களுக்கு: ஒரு மில்லிவாட்டுக்குப் பூஜ்யம், பத்து டிபி இறங்கினால் பத்தில் ஒரு பங்கு, மூன்று இறங்கினால் பாதி. மைனஸ் 26 என்றால் இரண்டரை மைக்ரோவாட். மைனஸ் 9 என்றால் ஏறக்குறைய 126 மைக்ரோவாட். அதாவது ஐம்பது மடங்கு. ஒரே காது இரண்டையும் கேட்க வேண்டும். ஐடியூ என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜிபான் விதியிலேயே ஒரு போர்ட்டில் கிட்டத்து வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் பாதை இழப்பில் 15 டிபி-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. என் கிட்டத்து வீட்டுக்கு இழப்பு பதினொன்றரை, கடைசி வீட்டுக்கு இருபத்தேழுக்கு மேல். விதியை நானே மீறிவிட்டு இழைகளை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் இறக்கத்தில் பிரச்சினை இல்லை, ஏற்றத்தில் மட்டும் என்றால், இறக்கத்தில் பேசுகிற வாய் ஒன்றுதான், ஓஎல்டி. அது இடைவிடாமல் ஒரே சத்தத்தில் பேசிக்கொண்டே இருக்கும், அவரவர் காது அவரவர் தூரத்துக்குப் பழகிவிடும். ஏற்றத்தில் எல்லா வீடும் ஒரே இழையில் முறை வைத்துப் பேச வேண்டும். 125 மைக்ரோ செகண்ட் ஒரு சுற்று, அதற்குள் இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று ஓஎல்டி நேரம் பிரித்துக் கொடுக்கும். ஒருவர் நிறுத்தி அடுத்தவரின் தகவல் ஆரம்பிப்பதற்கு நடுவில் ஏற்ற வேகத்தில் 96 பிட் அளவுக்குத்தான் அவகாசம். வினாடிக்கு 124 கோடி பிட் ஓடுகிற இடத்தில் அது 77 நானோ செகண்ட். அந்த நேரத்துக்குள் கண்ணாடி இழையில் வெளிச்சமே சுமார் பதினைந்து மீட்டர்தான் போகும், சாந்தி வீட்டு முகப்பிலிருந்து முற்றம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓஎல்டி-யின் காது ஐம்பது மடங்குச் சத்தத்தை மறந்து, முணுமுணுப்புக்குத் தயாராக வேண்டும். ஓஎல்டி-யில் அந்தக் காது இருக்கிற என்னுடைய மாட்யூல் தயாராகவில்லை. சாந்தி வீட்டுக்கு அடுத்த முறை யாருக்கு வருகிறதோ அவர் தலையில் பிழை விழுந்தது, அந்த முறை தேவைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கோளாறும் ஊர் ஊராக நடந்தது. விசேஷம் முடிந்தும் சொந்தக்காரப் பிள்ளைகள் போட்டோ ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், அதனால் பகல் முழுக்கத் தொல்லை.

படித்தவர்கள் யாராவது வந்து, இது இரைச்சல் இல்லை, வந்தது பூஜ்யமா ஒன்றா என்று முடிவெடுக்கிற அளவுகோல் நகர்ந்துபோவது என்று சொல்லலாம். சரிதான். ஆனால் மைனஸ் 26-ல் இருக்கிற ஆளுக்கு இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் நடுவில் இருப்பதே ஒரு விரல்கடை. அந்த விரல்கடையை இது தின்றுவிடுகிறது, அப்புறம் பழைய இரைச்சலே போதும் பிழை உண்டாக்க. அந்தப் பழைய இரைச்சல் எது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பவரைக் கூட்டினால் இரைச்சல் போய்விடும் என்று நானே பல வருடம் நம்பியிருக்கிறேன்.

காரைக்குடியில் பாலிடெக்னிக் படித்தபோது ஜான்சன், நைக்விஸ்ட், 1928 என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். என்ன என்று அப்போது புரியவில்லை. சூடு உள்ள எந்த ரெசிஸ்டரிலும் எலக்ட்ரான்கள் சும்மா இருக்காது, குதித்துக்கொண்டே இருக்கும், அந்தக் குதிப்பே ஒரு சத்தம். வெளிச்சமே வராவிட்டாலும் ரிசீவருக்குள் இது உண்டு. வெளிச்சம் கூடினாலும் இது கூடாது, குறையாது. அதனால் மங்கலான இடத்தில் பவரைக் கூட்டுவது அப்படியே லாபம். ஒளியை ஒரு டிபி கூட்டினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி மின்சாரக் கணக்கில் இரண்டு டிபி கூடும், ஏனென்றால் வெளிச்சத்தைக் கரண்ட்டாக்குகிற டயோடில் கரண்ட் வெளிச்சத்துக்கு நேர் விகிதம், மின் பவர் அந்தக் கரண்ட்டின் வர்க்கம்.

வெளிச்சம் இன்னும் கூடினால் அடுத்த இரைச்சல் தலை தூக்கும். வெளிச்சம் குழாய்த் தண்ணீர் மாதிரி வருவதில்லை, ஓட்டுக் கூரையில் மழைத்துளி விழுகிற மாதிரி எண்ணி எண்ணி விழுகிறது, அந்த விழுகையில் ஒழுங்கில்லை. 1918-ல் ஷாட்கி வால்வுகளில் ஓடுகிற எலக்ட்ரான்களுக்குச் சொன்னது, இங்கேயும் பொருந்தும். இந்த இரைச்சல் வெளிச்சத்தோடு சேர்ந்தே வளரும், அதனால் இங்கே ஒரு டிபி கூட்டினால் ஒரு டிபிதான் லாபம். அதற்கும் மேலே போனால் லேசரே நடுங்குகிற நடுக்கம் தெரிய ஆரம்பிக்கும். அது சிக்னல் வளர்கிற அதே வேகத்தில் வளர்வதால், எவ்வளவு கூட்டினாலும் லாபம் பூஜ்யம். அதையும் தாண்டினால் ரிசீவர் அடைத்துக்கொண்டு நஷ்டம்.

இந்த நான்கு கட்டத்தையும் நான் புத்தகத்தில் பார்க்கவில்லை, டிவியில் பார்த்தேன். அனலாக் கேபிள் காலத்தில் ஃபைபரில் வருகிற வெளிச்சத்தை டிவி சிக்னலாக மாற்றுகிற ஆப்டிகல் நோடு தெருவுக்கு ஒன்று வைத்திருப்போம். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் கொட்டும், சீரியல் பார்க்கிற ஆச்சிகள் உடனே ஆள் அனுப்பிவிடுவார்கள். கூட்டினால் மணல் குறையும். இன்னும் கூட்டினால் ஒரு இடத்துக்கு மேல் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்கும் மேல் போனால் படத்தின் குறுக்கே கோடு கோடாக ஓடும், ஒரு சேனல் இன்னொரு சேனலுக்குள் கலந்து வருகிற கோடு. சின்னப் பையனாக இருந்தபோது கோட்டைப் பார்த்ததும் பவர் போதவில்லை என்று நினைத்து மேலும் கூட்டியிருக்கிறேன். என் முதலாளி அன்று விட்ட திட்டு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அப்போதே ஏஜிசி (தானாகப் பெருக்கத்தைச் சரிசெய்வது) நோடு என்று ஒன்று வந்தது. உள்ளே வருகிற வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே போகிற சிக்னலை ஒரே அளவில் வைக்கும். பெரிய விஷயம் என்று வாங்கிப் போட்டோம். படத்தின் அளவு ஆடாமல் நின்றது உண்மை, ஆனால் மணல் கொட்டிய வீட்டில் மணலும் அப்படியே நின்றது. அது சிக்னலைப் பெருக்கும்போது கூடவே வந்த இரைச்சலையும் அதே அளவு பெருக்குகிறது, வேறு என்ன செய்யும்? ரிசீவருக்குள் நுழைந்து கலந்த பிறகு எந்தப் பெருக்கியாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. கேட்கிற இடத்தில் திருகுவது ஒரு வேலை, பேசுகிற இடத்தில் திருகுவது வேறு வேலை, இரைச்சலுக்கு மருந்து இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதைப் பையனுக்கு விளக்க நான் படாத பாடு பட்டேன். கடைசியில் சாந்தி வீட்டு ஆச்சிதான் கை கொடுத்தார்கள். அறுபதுக்காரரின் அம்மா, எண்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு காதிலும் மிஷின். லைனைக் கழற்றிச் சோதிக்க நாங்கள் முகப்பில் நின்றபோது, பையன் அவர்களுக்குக் கேட்காது என்று நினைத்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆச்சி! நெட்டு அஞ்சு நிமிஷம் வராது!" என்று கத்தினான். ஆச்சி காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கத்தாதேப்பா. மிஷின் மாட்டியிருக்கேன்னு தெரிஞ்சா எல்லாரும் கத்துறாங்க. கத்துனா அது ஙொய்னு அடைச்சுக்குது. அதுக்கு அப்புறம் இந்தப் பொண்ணு மெதுவாச் சொல்றது ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது."

அந்த மிஷினுக்குள்ளும் ஏஜிசி-தான். பெரிய சத்தம் வந்தால் சட்டென்று தன்னைக் குறைத்துக்கொள்ளும், மறுபடி பழைய நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் மெதுவாகப் பேசுகிறவர் இல்லாத ஆள்தான். பையனைப் பார்த்து, "நீதான்டா சாந்தி வீட்டு பாக்ஸ், அந்தப் பொண்ணுதான் இ-சேவை அக்கா" என்றேன். புரிந்துவிட்டது. ஆச்சி வெள்ளைப் பணியாரம் கொடுத்து அனுப்பினார்கள், கூடவே வரமிளகாய்த் துவையல். அந்தத் துவையலைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம்.

சரி, பேசுகிற இடத்தில் எப்படித் திருகுவது? ஜிபான் விதி எழுதியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. வீட்டுப் பெட்டியின் லேசருக்கு மூன்று நிலை வைத்திருக்கிறார்கள், வழக்கமான பவர், அதிலிருந்து 3 டிபி குறைவு, 6 டிபி குறைவு. ஓஎல்டி தனக்கு வந்து சேர்கிற வெளிச்சத்தை அளந்து, அதிகம் என்று பட்டால் நீ ஒரு படி இறங்கு என்று அந்த வீட்டுப் பெட்டிக்கே செய்தி அனுப்பும். கிட்டத்தில் இருப்பவர் மெதுவாகவும் தூரத்தில் இருப்பவர் முழுக் குரலிலும் பேச, ஓஎல்டி-க்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கேட்பார்கள். அழகான ஏற்பாடு. லேசரும் அதிக நாள் உழைக்கும். நானும் ஓஎல்டி-யிலிருந்து கட்டளை அனுப்பிப் பார்த்தேன். என்னிடம் இருந்த விலை குறைந்த பெட்டி அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை, மைனஸ் 9 மைனஸ் 9-ஆகவே இருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி விற்கிறவர்கள் இதில் ஏபிசி இருக்கிறது, பவரைத் தானே கட்டுப்படுத்தும் என்பார்கள். பொய் இல்லை. லேசருக்குப் பின்னால் ஒரு குட்டி டயோடு உட்கார்ந்து தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, வெயிலுக்கும் வயசுக்கும் பவர் மாறாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது தன் குரலைத் தான் கேட்டுச் சரிசெய்கிற ஆள், எதிரில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்று அதற்குத் தெரியாது. நான் சொல்வது எதிர்ப்பக்கம் கேட்டுவிட்டுச் சொல்ல, அதைவைத்துத் திருகுவது. போதாததற்கு எங்கள் ஊரில் ஏபிசி என்றால் பச்சைக் கனெக்டர். மூன்றும் ஒரே பெயரில் புழங்குவதால் போனில் பேசும்போது சண்டையே வந்திருக்கிறது.

கட்டளை வேலை செய்யாததால் பழைய வைத்தியத்துக்கே போனேன். கிட்டத்து வீட்டுக் கிளையில் ஸ்ப்ளிட்டர் பக்கமாக வெளிச்சத்தைக் குறைக்கிற 10 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகினேன், கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதால் வீட்டுப் பெட்டியில் மைனஸ் 18, ஓஎல்டி-யில் மைனஸ் 19. இரண்டும் நிம்மதியான இடம். பையன் முகம் வாடிவிட்டது, நல்ல பவரைக் கெடுத்துவிட்டோம் என்று. கடைசி ஊரின் பிஐபி பிழைக் கணக்கை (வழியில் கெட்டுப்போன பிட்டுகளைக் காட்டுகிற எண்) அவனையே பார்க்கச் சொன்னேன். கால் மணிக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தான், எண் நகரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வீட்டிலிருந்து மெசேஜ், "அண்ணே, இன்னும் அதே நம்பர்தான்."

அடுத்த பாதி வேலை கடைசி ஊரில். கத்துகிறவரை அடக்கினால் மட்டும் போதாது, முணுமுணுக்கிறவர் ஏன் முணுமுணுக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். மைனஸ் 26-க்குத் தூரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று ஒவ்வொரு ஜாயிண்டாகத் திறந்து வந்தோம். ஒரு டப்பாவில் பச்சைக் கனெக்டருக்குள் நீலத்தைச் செருகி வைத்திருந்தது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, நீலத்துக்குச் சாய்வு இல்லை. இரண்டும் மாட்டும், ஆனால் முகம் ஒட்டாது, நடுவில் காற்று. வெளிச்சம் கசிவது ஒரு பக்கம், அந்த இடைவெளியில் பட்டுத் திரும்பி ஓடுகிற வெளிச்சம் இன்னொரு பக்கம். திரும்பிய வெளிச்சம் வேறொரு மூட்டில் மறுபடி பட்டு, நேரே வருகிற வெளிச்சத்தோடு கலந்தால் அதுவும் ஒரு இரைச்சல்தான். பவரைக் கூட்டினால் அதுவும் சேர்ந்தே கூடும். ஒழுங்கான கார்டு போட்டதும் மைனஸ் 24. ஐம்பது மடங்காக இருந்த வித்தியாசம் இப்போது 5 டிபி, மூன்று மடங்குச் சொச்சம்.

சித்திரை வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் மதியத்தில் பிழை கூடுகிறது என்ற சந்தேகம் எனக்குப் பல நாளாக இருந்தது. ஓஎல்டி-யில் கேட்கிற டயோடு ஏபிடி (உள்ளேயே கரண்ட்டைப் பெருக்குகிற டயோடு) வகை, அதற்குப் பல பத்து வோல்ட் கொடுத்து வைத்திருப்பார்கள். ஒரு ஒளித்துளி கிளப்புகிற எலக்ட்ரான் மற்றவற்றை இடித்து, அவை இன்னும் சிலவற்றை இடித்து, ஒன்று பத்தாகும். பெருக்கிக்கு முன்னாலேயே சிக்னல் பெருகிவிடுவதால் ஜான்சன் சத்தத்தை மீறிக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒன்று சரியாகப் பத்தாகாது, சில நேரம் ஏழு, சில நேரம் பதினான்கு. இந்த ஒழுங்கீனமே ஒரு கூடுதல் இரைச்சல், இதன் கணக்கை 1966-ல் மெக்கின்டயர் போட்டுக் கொடுத்தார். அதே வருடம்தான் சார்லஸ் காவோ கண்ணாடி இழையில் செய்தி அனுப்ப முடியும் என்று எழுதியதும், அதற்கு 2009-ல் நோபல் கிடைத்ததும் எல்லோருக்கும் தெரியும், மெக்கின்டயரை எங்கள் தொழிலில் ஒருவரும் நினைப்பதில்லை. வோல்டேஜைக் கூட்டினால் பெருக்கம் கூடும், ஒரு அளவுக்கு மேல் இரைச்சல் அதைவிட வேகமாகக் கூடும், நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த நல்ல இடம் சூட்டோடு நகரும். அறை சூடானால் அதே வோல்டேஜுக்குப் பெருக்கம் குறையும், அதனால் மாட்யூலே சூட்டைப் பார்த்து வோல்டேஜை ஏற்றி இறக்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஏசி நின்றுபோன அறையில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்து, ஓஎல்டி-யை ஆபீஸின் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். பழைய காலத்துச் சுவர், கைமுழம் அகலம், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் தரை. மதியம் மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

பெரிய கம்பெனிகளின் நெடுந்தூர லைன்களில் இந்தத் திருகுதலை ஆளே தொடாமல் செய்கிறார்கள். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஒளிப்பெருக்கியும் தன் இரைச்சலைக் கொஞ்சம் சேர்க்கும், பவர் குறைவாக அனுப்பினால் அந்த இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும், அதிகமாக அனுப்பினால் கண்ணாடியே ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு கலந்துவிடும், அதுவும் இரைச்சலாகத்தான் வந்து சேரும். நடுவில் இருக்கிற உச்சியைத் தேடி ஒவ்வொரு நிறத்துக்கும் பவரை ஏற்றி இறக்குகிறார்கள். மென்பொருள் சொல்ல, மின்சாரத்தால் திருகுகிற அட்டெனுவேட்டர்கள் அவர்களிடம் உண்டு. என்னிடம் ஸ்க்ரூ டிரைவரால் திருகுகிறது ஒன்று இருக்கிறது, அதுவும் கடனாக வாங்கியது.

அதனால் என் ஏற்பாடு ஏழையின் ஏற்பாடு. ஓஎல்டி-யிடம் கால் மணிக்கு ஒரு தடவை எல்லா வீட்டின் வரவுப் பவரையும் கேட்டு எழுதி வைக்கிற ஒரு சின்ன நிரல், தம்பி மகன் எழுதிக் கொடுத்தான். ஒரு போர்ட்டில் உச்சத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் 10 டிபி தாண்டினால் என் போனுக்குச் செய்தி வரும், ஒரு வீடு முந்தின நாளைவிட 2 டிபி இறங்கினாலும் வரும். திருகுவது நான்தான், ஏணியோடு. ஆனால் அளந்து, ஒப்பிட்டு, பேசுகிற இடத்தில் திருத்துவது என்ற வட்டம் முழுசாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவான வட்டம், அவ்வளவுதான். போன வாரம் ஒரு வீடு ராத்திரியோடு ராத்திரியாக 3 டிபி இறங்கியது தெரிந்து, அவர்கள் போன் செய்வதற்கு முன்பே நான் வாசலில் நின்றேன். அணில் கடித்த டிராப் கேபிள், கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகிற கடைசித் துண்டு. வீட்டுக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், கோளாறே சொல்லாமல் எப்படி வந்தாய் என்று.

சாந்தி வீடு மறுபடி பூட்டியாகிவிட்டது. பெட்டியை எடுத்து வந்துவிட்டோம், அந்தக் கிளையை மட்டும் அட்டெனுவேட்டரோடு அப்படியே விட்டு, "கழற்றாதே" என்று பையன் கையெழுத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. இன்று காலை வந்த செய்தியில் கடைசி ஊரில் இரண்டு வீடு இன்னும் மைனஸ் 25-க்குக் கீழே காட்டுகிறது. சனிக்கிழமை ஸ்ப்ளைசிங் மெஷினோடு போகிறோம், இ-சேவை அக்கா அன்று மதியச் சாப்பாடு அங்கேதான் என்று சொல்லிவிட்டார்.